சின்ன வயசுல கொடுமைய அனுபவிச்சவங்க குரலுக்கு மெட்டு போடுறது எப்படி

பெங்களூர்ல வீட்டு ஸ்டுடியோ வச்சிருக்குற நம்ம தமிழ் பசங்ககிட்ட இந்த மாதிரி விஷயத்துக்கு ட்யூன் கேட்டா கை தானா சிவரஞ்சனிங்குற சோக ராகத்துக்குப் போயிடும், ஒரு புல்லாங்குழல், பின்னாடி ஆ ஆன்னு கோரஸ், வேலை முடிஞ்சது. கேக்குறவன் அழுதுட்டுப் போயிடுவான், ஆனா அனுபவிச்சவங்க குரல் அதுல எங்கயும் இருக்காது. அத மொதல்ல தூக்கிப் போடுங்க.

மெட்ட ரெடி பண்ணிட்டு அவங்ககிட்ட வார்த்தை கேக்காதீங்க, பேச்சுலேருந்து மெட்டு எடுங்க. அவங்களுக்கு ஓகேன்னா போன்லயே ரெக்கார்ட் பண்ணி, எங்க அவசரப்படுறாங்க எங்க நிக்கிறாங்கன்னு தொடைல தட்டிப் பாருங்க. உதாரணத்துக்கு "சொல்லல, யார்கிட்டயும்"னு திருப்பிப் போட்டு சொல்றாங்கன்னு வைங்க, அது மூணு நாலுன்னு ஏழு எண்ணிக்கை வர்ற மிஸ்ர சாப்பு தாளத்துல அப்படியே உக்காரும். அத இழுத்து எட்டு எண்ணிக்கை ஆதி தாளத்துல நிரவி விட்டா அந்தத் தயக்கம் போச்சு, அப்புறம் அது உங்க பாட்டு. மிக்ஸ் பண்ணும்போது மூச்சு சத்தத்த அழிக்காதீங்க, ஆட்டோட்யூன் வேணவே வேணாம்.

எந்த சத்தம் ஆகாதுன்னு முன்னாடியே கேட்டுக்கோங்க. தாழ்ப்பாள் சத்தத்த பெர்கஷனா போட்டா செம எஃபெக்ட்னு நமக்குத் தோணும், அவங்களுக்கு அதுதான் கை நடுங்க வைக்குற சத்தமா இருக்கலாம். நீலாம்பரி ராகத்துல தாலாட்டு மாதிரி ஆரம்பிக்கலாமேன்னு ஐடியா வந்தாலும் கேட்டுட்டு போடுங்க, சிலருக்கு பயமே தூங்குற நேரம்தான். அந்த வரிங்கள சின்னப் பசங்கள வச்சு பாட வைக்குற வேலையும் வேணாம், எனக்கு அது சுத்தமா புடிக்காது.

பேசுறவங்க 18 வயசுக்குக் கீழன்னா விஷயமே வேற. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு சத்தியம் பண்ணாதீங்க, பாலியல் கொடுமைன்னு தெரிஞ்சா, அதுலேருந்து குழந்தைங்கள காப்பாத்துறதுக்கான 2012 போக்சோ சட்டம் 19ஆவது பிரிவுப்படி நீங்க போலீஸ்ல சொல்லியே ஆகணும். குழந்தைங்களுக்கான ஹெல்ப்லைன் 1098. அதே சட்டத்துல 23ஆவது பிரிவு பேரு, போட்டோ மட்டுமில்ல, ஸ்கூல், குடும்பம், ஏரியான்னு எத வச்சும் குழந்தை யாருன்னு தெரியக் கூடாதுங்குது, அதனால வரில அல்சூர் ஏரிக்கரை, பக்கத்து சந்துன்னு நேட்டிவிட்டிக்காக சேக்குறதயும் வெட்டிடுங்க.

பெரியவங்களா இருந்தாலும் செஷன் முடிஞ்சு தனியா வீட்டுக்கு அனுப்பாதீங்க, அவங்க நம்புற ஒருத்தர் கூட இருக்கட்டும். நைட்டு மனசு ரொம்ப கஷ்டமாச்சுன்னா டெலிமானஸ்ங்குற அரசாங்க மனநல ஹெல்ப்லைன் 14416, தமிழ்லயும் பேசலாம், அதுக்கு தலைமை மையமே நம்ம பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரிதான்.

காசு விஷயம். வரி அவங்களோடதுன்னா பாடலாசிரியர் அவங்கதான், புனைபேர்ல போட்டாலும் சரி. 2012ல காப்பிரைட் சட்டத்த திருத்துன அப்புறம், எழுதுனவங்க ராயல்டி பங்க விட்டுக்கொடுத்த மாதிரி அக்ரிமென்ட் போட்டாலும் செல்லாது. ரிலீஸுக்கு மொத நாள் வந்து வேணாம்னு சொன்னாங்கன்னா ப்ராஜெக்ட் ஃபைலோட டெலீட் பண்ணிடுங்க, எவ்ளோ உழைச்சேன் தெரியுமான்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க.