ராணுவத்துக்குப் போகணுமா? பிளஸ் ஒன் குரூப் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் பள்ளி வராந்தாவில் ஒரு மேசை போடுவார்கள். பிளஸ் ஒன் விண்ணப்பத்தில் எந்த குரூப் என்று எழுதிக் கையெழுத்து வாங்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. அந்த மேசையில் சில வருடங்கள் உட்கார்ந்திருக்கிறேன். ஏர்ஃபோர்ஸில் விமானம் ஓட்டணும் என்று சின்ன வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்த ஒரு பையனுக்குக் கணக்கில் மார்க் கொஞ்சம் குறைவு. "பயாலஜி எடுத்துக்கோப்பா, ஈஸியா இருக்கும்" என்று சொல்லி, தாவரவியல் விலங்கியல் உள்ள செகண்ட் குரூப்பில் சேர்த்தோம். இரண்டு வருடம் கழித்து என்டிஏ அறிவிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தான். பிளஸ் டூ முடித்தவர்கள் முப்படைகளில் அதிகாரியாக, தேசியப் பாதுகாப்பு அகாடமியில் சேர எழுதும் தேர்வு அது. "சார், இயற்பியல், வேதியியல், கணிதம்னு போட்டிருக்கு. எனக்கு மேத்ஸ் இல்லையே?" அவன் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. இதை எழுத அதுதான் காரணம்.

எல்லோரும் செய்யும் முதல் தவறு, "என்டிஏவுக்கு எந்த குரூப்பும் போதும்" என்று நம்புவது. அது பாதி உண்மை. தரைப்படைப் பிரிவுக்கு மட்டும்தான் எந்த குரூப்பில் பிளஸ் டூ முடித்திருந்தாலும் சரி. கடற்படைக்கும் விமானப்படைக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் பிளஸ் டூவில் இருந்தே ஆகவேண்டும். தரைப்படைக்கு மட்டும் போகிறேன் என்றாலும் தேர்வு ஒன்றுதான். எழுத்துத் தேர்வின் 900 மார்க்கில் 300 கணக்குக்கு. அணிகள், முக்கோணவியல், நுண்கணிதம், வெக்டர், நிகழ்தகவு என்று கேள்விகள் பெரும்பாலும் பிளஸ் ஒன், பிளஸ் டூ கணிதத்திலிருந்தே வரும். அந்த இரண்டு வருடமும் கணக்கைத் தொடாத பிள்ளை, அதைத் தனியாக உட்கார்ந்து படித்து, கணக்கு குரூப் பிள்ளைகளோடு போட்டி போடவேண்டும். பொது அறிவுத் தாளிலும் இயற்பியலும் வேதியியலும் கணிசமாக உண்டு. அதனால் காமர்ஸ் பிள்ளைக்குச் சுமை இரட்டிப்பு.

"டிகிரி முடிச்சிட்டுப் பார்த்துக்கலாம்" என்பது அடுத்த தவறு. பிளஸ் டூ சான்றிதழ் அவ்வளவு சீக்கிரம் நம்மை விடாது. டிகிரி முடித்தவர்களை விமானப்படை அதிகாரியாக எடுக்கும் ஏஎஃப்கேட் தேர்வை, விமானம் ஓட்டும் பிரிவுக்கு எழுத டிகிரியில் 60 சதவீதம் வேண்டும், எந்தப் பாடமானாலும் சரி. ஆனால் பிளஸ் டூவில் கணக்கிலும் இயற்பியலிலும் தலா 50 சதவீதம் இருக்கவேண்டும். அதாவது, பிளஸ் டூவில் கணக்கு குரூப் படித்துவிட்டுப் பிறகு பி.காம். முடித்தவர் விண்ணப்பிக்கலாம்; செகண்ட் குரூப் படித்து பி.எஸ்சி. விலங்கியல் முடித்தவரால் முடியாது.

மார்க் விஷயத்தில் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். நம் பிளஸ் டூவில் 35 எடுத்தால் பாஸ். ஆனால் விமானப்படையில் நான்கு வருடப் பணிக்கு வீரர்களை எடுக்கும் அக்னிவீர்வாயுவுக்கு மொத்தத்தில் 50 சதவீதம், அதோடு ஆங்கிலத்தில் தனியாக 50 சதவீதம் கேட்கிறார்கள். ஒரு மாணவன் 600க்கு 450 எடுத்து, ஆங்கிலத்தில் மட்டும் 44 என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடத்தில் அவன் நல்ல மார்க் எடுத்தவன். விமானப்படையில் விண்ணப்பிக்கவே தகுதி இல்லை. 49.99 இருந்தாலும் 50 ஆக்கிக்கொள்ள மாட்டார்கள், 49 என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். தரைப்படையின் டெக்னிக்கல் அக்னிவீருக்கு இயற்பியல், வேதியியல், கணிதம், ஆங்கிலம் நான்கும் வேண்டும். மொத்தம் 50 சதவீதம், ஒவ்வொன்றிலும் 40. இயற்பியலில் 37 வாங்கி "அப்பாடா, பாஸ்" என்று மூச்சு விடுகிற பையனிடம் இதை யாராவது முன்கூட்டியே சொல்லவேண்டும்.

கணக்கு குரூப் எடுத்த பிள்ளைகள் செய்யும் ஒரு தவறு தனி ரகம். "நான் ஆர்மிக்குப் போறேன், இன்ஜினியரிங் போகல, எனக்கு எதுக்கு ஜேஇஇ?" என்று மெயின் தேர்வை எழுதாமல் விட்டுவிடுவார்கள். பிளஸ் டூ முடித்தவர்களை இன்ஜினியரிங் படிக்கவைத்து அதிகாரியாக்கும் தரைப்படையின் டிஇஎஸ் நுழைவுக்கும், கேரளத்தில் எழிமலை அகாடமியில் படிக்கும் கடற்படையின் பி.டெக். நுழைவுக்கும் எழுத்துத் தேர்வே கிடையாது. ஜேஇஇ மெயின் எழுதியிருந்தால்தான் விண்ணப்பமே போடமுடியும். அங்கிருந்து நேராக எஸ்எஸ்பி என்னும் அதிகாரி தேர்வு வாரியத்தின் நேர்முகம். டிஇஎஸ்ஸுக்கு இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றிலும் சேர்த்து 60 சதவீதம், கடற்படைக்கு 70 சதவீதம். படிப்புச் செலவு அரசுடையது, முடித்தால் அதிகாரி. அந்த ஒரு தேர்வை எழுதாததால் இரண்டு கதவு மூடிப்போகிறது. ஜேஇஇ மெயினைத் தமிழிலும் எழுதலாம் என்பது பலருக்குத் தெரிவதே இல்லை.

என்டிஏ தேர்வு அப்படி இல்லை. ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். ஆங்கிலத்துக்கென்றே 200 மார்க் உண்டு. இதற்காகத் தமிழ் வழியை விட்டு ஓடவேண்டும் என்று சொல்லமாட்டேன். விசை என்று படிக்கும்போதே பக்கத்தில் ஃபோர்ஸ், திசைவேகம் என்றால் வெலாசிட்டி, முடுக்கம் என்றால் ஆக்சிலரேஷன் என்று நோட்டின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டால் போதும். பிளஸ் ஒன் முதல் நாளிலிருந்து செய்தால் அது சுமையே இல்லை. தேர்வுக்கு இரண்டு மாதம் முன்னால் ஆரம்பிப்பதுதான் கஷ்டம்.

அப்புறம், எல்லோரையும் கணக்கில் தள்ளுவதும் தவறுதான். மருத்துவப் பக்கம் மனசு உள்ள பிள்ளைக்கு உயிரியல் வேண்டும். புணேயில் உள்ள ராணுவ மருத்துவக் கல்லூரியான ஏஎஃப்எம்சியில் எம்பிபிஎஸ், பெண்களுக்கு ராணுவ நர்சிங் கல்லூரிகளில் பி.எஸ்சி. நர்சிங் இரண்டுக்கும் நீட் உண்டு. உயிரியலும் கணக்கும் சேர்ந்த ஃபர்ஸ்ட் குரூப் இரண்டு பக்கமும் வழி வைக்கும். ஆனால் படிப்புச் சுமை அதிகம். மருத்துவம் வேண்டாம் என்று நிச்சயமாகத் தெரிந்தால் கணக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸும் உள்ள குரூப்பே போதும் என்பது என் கருத்து. பத்தாம் வகுப்புக்குப் பிறகு பாலிடெக்னிக் போக நினைக்கிறவர்களும் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: டிப்ளமோவை வைத்து அக்னிவீர்வாயுவுக்கு விண்ணப்பிக்கலாம்; என்டிஏ கேட்பது பன்னிரண்டாம் வகுப்பு.

ஏற்கெனவே காமர்ஸிலோ செகண்ட் குரூப்பிலோ சேர்ந்துவிட்ட பிள்ளைகள் இதைப் படித்துப் பயப்படவேண்டாம். எந்த டிகிரி முடித்தாலும், பட்டதாரிகளை ராணுவ அதிகாரியாக எடுக்கும் சிடிஎஸ் தேர்வு எழுதலாம். அதில் சென்னை பரங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமியான ஓடிஏவுக்கு மட்டும் என்றால் கணக்குத் தாளே கிடையாது, ஆங்கிலமும் பொது அறிவும்தான். அந்தப் பையனிடமும் அன்றைக்கு இதைத்தான் சொன்னேன். விமானம் இல்லை என்றதும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். அப்புறம் ஒரு பேப்பர் கேட்டு வாங்கி, "சி டி எஸ், ஓ டி ஏ" என்று எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான்.