வட்டைக்குள் இறங்கும் வண்டிக்கு முன் லொக்கர் எது?

மார்கழியில் வயல் வட்டைக்குள் டபுள் கெப் இறக்கினவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமாக இருக்கும். டிரக்டர் போன ஆழத் தடத்தில் வண்டி கோணலாக ஏறி நிற்கும், முன்னால் இடது சில்லும் பின்னால் வலது சில்லும் சேற்றை வாரி அடித்துக்கொண்டு சுற்றும், மற்ற இரண்டும் அசையாது. நாலு சில்லும் இழுக்கும் என்று சொல்லித்தானே காசு கொடுத்து வாங்கினோம் என்று அப்போது வயிறு எரியும். மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கம் என்றால் பொழுது சாய்ந்ததும் யானை இறங்கிவிடும் என்ற பயம் வேறு.

இதில் வண்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அக்சிலின் நடுவில் விசையைப் பிரித்துக் கொடுப்பது டிபரன்சியல் என்ற பல்லுச்சக்கரக் கூடு. சாதாரண டிபரன்சியல் இரண்டு பக்கச் சில்லுக்கும் ஒரே அளவு முறுக்கு விசையைத்தான் கொடுக்கும். அந்தரத்தில் நிற்கிற சில்லைச் சுற்றப் பெரிய விசை தேவையில்லை, அதனால் தரையில் நிற்கிற சில்லுக்கும் அதே அற்ப விசைதான் போய்ச் சேரும். டிபரன்சியலைப் பூட்டிவிடும் லொக்கர் போட்டால் இரண்டு சில்லும் ஒரே இரும்புத் தண்டில் பூட்டின மாதிரி சேர்ந்து சுற்றும், பிடிப்புள்ள சில்லு வண்டியை இழுத்துவிடும்.

முதல் கேள்வி, பின்னால் லொக்கர் இருக்கிறதா? ஹைலக்ஸ், எல்200 போன்றவற்றில் சில மொடல்களுக்கு பின் லொக் கம்பனியிலேயே வரும். இல்லையென்றால் முதல் காசு பின்னுக்குத்தான். ஏற்றத்திலும் மூட்டை ஏற்றியிருக்கும்போதும் பாரம் பின்னால்தான் விழும், பின் லொக் ஸ்டியரிங்கையும் முன் லொக் அளவுக்குக் கெடுக்காது. அப்புறம் ரயரைப் பாருங்கள். மொட்டை ரயரில் எந்த லொக்கரும் களிமண்ணில் வழுக்கத்தான் செய்யும். பாணமைப் பக்கம் கடற்கரை மணலில் ஓடத்தான் லொக்கர் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என் பதில், முதலில் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கி ஓட்டிப் பாருங்கள், பாதிப் பேருக்கு அதோடு ஆசை தீர்ந்துவிடும். (திரும்ப அடிக்க ஒரு பம்பையும் எடுத்துப் போங்கள், காற்று இறக்கின ரயரோடு தார் றோட்டில் ஓடக்கூடாது.)

இத்தனைக்கும் பிறகும் முன் லொக்கர் வேண்டும் என்றால், நான் பார்க்கிற ஒரே விஷயம் அதை நினைத்த நேரம் நிற்பாட்ட முடியுமா என்பதுதான். முன் சில்லுகள்தான் வண்டியைத் திருப்புபவை. திரும்பும்போது வெளிச் சில்லு கூடுதல் தூரம் ஓட வேண்டும், பூட்டிவிட்டால் அது முடியாது, ஸ்டியரிங் கல்லுமாதிரி ஆகி வண்டி நேராகவே போகப் பார்க்கும்.

இதை நான் கற்றுக்கொண்டது உன்னிச்சைப் பக்கம் ஒரு வாய்க்கால் கரையில். மச்சானின் வண்டி, பின்னால் பத்துப் பதினைந்து யூரியா மூட்டை. மழை பெய்து கரை ஒரு பக்கம் சரிந்து பளபளவென்று கிடந்தது, நான் பெரிய ஆள் மாதிரி முன்னும் பின்னும் இரண்டு லொக்கையும் போட்டுவிட்டு மெல்ல மிதித்தேன். லொக் இல்லாமல் இருந்திருந்தால் ஒரு சில்லு சுற்றும், மற்றது சும்மா உருண்டபடி கரையைப் பிடித்துக்கொண்டிருக்கும். நான்கையும் சேர்த்துச் சுற்றினதால் எதுவும் பிடிக்கவில்லை, மூக்கு மெதுமெதுவாக வாய்க்கால் பக்கம் இறங்கியது, ஸ்டியரிங்கை எதிர்ப் பக்கம் எவ்வளவு ஒடித்தும் பிரயோசனமில்லை. டிரக்டர் வந்து இழுத்தது. யூரியா பாதி கரைந்துபோனது. மச்சான் இன்றைக்கும் ஆட்கள் இருக்கிற இடத்தில்தான் அந்தக் கதையை எடுப்பார்.

ஆகவே பக்கச் சரிவில் முன் லொக் போடவே கூடாது, நினைத்த நேரம் நிற்பாட்ட சுவிட்ச் உள்ள வகைதான் சரி. ஏஆர்பி கம்பனியின் ஏர் லொக்கர் காற்றழுத்தத்தில் வேலை செய்வது. சிறிய கொம்பிரசர் ஒன்றும் டிபரன்சியல் கூட்டுக்குள் போகும் மெல்லிய காற்றுக் குழாயும் வேண்டும். உடனே பூட்டும், உடனே விடும். அதன் பலவீனம் குழாயும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையமும்தான், ரிங் போனால் கியர் ஒயில் குழாய் வழியே மேலே ஏறி வரும். மின்சார லொக்கருக்கு கொம்பிரசர் தேவையில்லை, வயர் மட்டும் போதும், ஆனால் சில வகைகள் சில்லு கொஞ்சம் உருண்ட பிறகுதான் பூட்டும். இரண்டில் எது என்று கேட்டால், ரயருக்குக் காற்றடிக்கவும் கொம்பிரசர் உதவும் என்பதால் நான் ஏர் லொக்கர் பக்கம்.

லொக்-ரைட், ஒஸி லொக்கர் போன்ற தானியங்கி வகைகள் விலை குறைவு, பழைய கூட்டுக்குள்ளேயே பல்லை மட்டும் மாற்றிப் போடலாம். மிதிக்கும்போது பூட்டும், வளைவில் வெளிச் சில்லை ‘டிக் டிக்’ என்று விட்டுக்கொடுக்கும். முன் சில்லை அக்சிலிலிருந்து கையால் திருப்பிப் பிரித்துவிடும் ஃப்ரீ வீல் ஹப் உள்ள பழைய ஹைலக்ஸ் மாதிரி வண்டிக்கு இது மோசமில்லை, றோட்டில் ஹப்பை விட்டுவிட்டால் லொக்கர் இருப்பதே தெரியாது. டிஃபெண்டர் போல எப்போதும் நான்கு சில்லும் இழுக்கிற வண்டிக்கு முன்னால் இது வேண்டாம், ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டிவரும்.

ட்ரூட்ராக் என்ற பல்லுச்சக்கர வகை இன்னொன்று. முழுதாகப் பூட்டாது, பிடிப்புள்ள சில்லுக்கு சில மடங்கு விசை கூட்டிக் கொடுக்கும், ஸ்டியரிங்கில் பெரிய தொந்தரவு இல்லை. ஆனால் ஒரு சில்லு முழுக்க அந்தரத்தில் நின்றால் பூச்சியத்தை எத்தனையால் பெருக்கினாலும் பூச்சியம்தானே. அப்போது பிரேக்கை இலேசாக மிதித்தபடி அக்சிலரேட்டர் கொடுத்தால் பெரும்பாலும் இழுத்துவிடும். சேற்றைவிட கிறவல் றோட்டில் அதிகம் ஓடுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

வாங்க முன்னர் அக்சில் தண்டின் நுனியில் வெட்டின ஸ்ப்லைனில் எத்தனை பல்லு என்று எண்ணுங்கள், டிபரன்சியலின் பெரிய பல்லுச்சக்கரமான கிரவுனுக்கும் சின்னதான பினியனுக்கும் உள்ள விகிதத்தையும் பாருங்கள். 41 பல்லுக்கு 10 என்றால் 4.10. சில லொக்கர்கள் குறிப்பிட்ட விகிதங்களுக்கு மட்டும்தான் பொருந்தும், மொடல் பெயரைச் சொல்லி ஓடர் பண்ணிவிட்டு அப்புறம் முழிக்கக்கூடாது. கூட்டோடு மாற்றும் வகை என்றால் பேக்லாஷ் (பல்லுகளுக்கு இடையில் விடும் இடைவெளி), பெயரிங் இறுக்கம் இரண்டையும் டயல் கேஜ் வைத்துத்தான் அளக்க வேண்டும். கல்முனையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் காக்கா ஒருவர் இந்த வேலைக்கு வருகிறவர்களிடம் முதலில் சொல்வது, “தம்பி, கைக்கணக்குல போட்டா ஒரு மாசத்துல கிரவுன் கத்தும், பொறகு என்ட தலயில போடாத.” டயல் கேஜ் இல்லாத கராஜ் என்றால் வேறு கராஜ் பாருங்கள்.

கழற்றின கையோடு டிபரன்சியல் மூச்சுக் குழாயை எஞ்சின் பக்கமாக உயர்த்தி விடச் சொல்லுங்கள். சூடான கூடு வெள்ளத்துக்குள் இறங்கினதும் குளிர்ந்து தண்ணீரை உறிஞ்சும். ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால் நடந்தது அதுதான்.

ஓட்டும்போது தடத்துக்குள் இறங்க முன்னரே, லோ கியரில், ஸ்டியரிங் நேராக இருக்கையில் லொக்கைப் போடுங்கள், சில்லு வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது சுவிட்சைத் தட்டாதீர்கள். முழுக்க ஒடித்த ஸ்டியரிங்கோடு அழுத்தி மிதித்தால் முதலில் போவது, திரும்பும் முன் சில்லுக்கு விசையைக் கொண்டுபோகும் மூட்டான சிவி ஜொயின்ட். ஏறி முடிந்ததும் எடுத்துவிடுங்கள். சிறுபோகம் முழுக்க சும்மா கிடந்த லொக்கர் பெரும்போகத்துக்குத் திடீரென்று வேலை செய்யும் என்று நம்பவேண்டாம், மாதத்துக்கு ஒரு தடவை மணல் ஒழுங்கையில் ஐம்பது மீற்றர் நேராக ஓட்டி, லொக்கைப் போட்டு எடுத்துப் பாருங்கள், டாஷ்போட்டில் விளக்கு எரிகிறதா என்று மட்டுமல்ல, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பி அது இறுகுகிறதா என்றும்.