பழைய காரை நேரடியாக விற்கவும் வாங்கவும்: பெயர் மாறும்வரை யாருக்கு என்ன பொறுப்பு

பணம் கைக்கு வந்து சாவியைக் கொடுத்துவிட்டால் வியாபாரம் முடிந்தது என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன்படி பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே வண்டியின் உரிமையாளர். பதிவு மாறாமல் பல கை மாறிய ஒரு காரின் விபத்து வழக்கில், 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதையே உறுதிப்படுத்தியது. நஷ்டஈட்டுப் பொறுப்பு, ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) பெயர் இருந்தவர் மேல்தான் விழுந்தது. விற்பவரும் வாங்குபவரும் செய்ய வேண்டிய வேலைகள் எல்லாம் பெயர் மாற்றத்தில் போய் முடிய வேண்டும் என்பது இதனால்தான்.

விற்பவர், விளம்பரம் போடும் முன்

கடன் போட்டு வாங்கிய வண்டியா என்று முதலில் ஆர்.சி.யைப் பாருங்கள். கடைசித் தவணை கட்டியதும் ஹெச்.பி. (வண்டி மேல் கடன் இருப்பதாகப் பதிவில் உள்ள குறிப்பு) தானாக நீங்கிவிடாது. வங்கியிடம் தடையில்லாச் சான்றும், கையெழுத்தும் முத்திரையும் உள்ள படிவம் 35-உம் வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஹெச்.பி. கேன்சல் செய்தால்தான் பதிவிலிருந்து நீங்கும். அந்தச் சான்றுக்குக் காலக்கெடு உண்டு. வருடக்கணக்கில் பீரோவில் கிடந்தது என்றால் புதிதாக வாங்க நேரிடும்.

கடன் இன்னும் பாக்கி இருந்தாலும் விற்க வழி இருக்கிறது. வாங்குபவர் பாக்கித் தொகையை நேராக வங்கியின் கடன் கணக்கில் செலுத்தட்டும். சான்று கைக்கு வந்தபின் மீதியை உங்களுக்குத் தரட்டும். முழுத் தொகையையும் உங்களிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கச் சொல்வது அவருக்கு நியாயமல்ல.

இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு நிலுவை அபராதங்களைக் கட்டி முடியுங்கள். அரசின் வாகனப் பதிவுத் தளமான வாகன் தளத்தில் உங்கள் இப்போதைய செல்பேசி எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓ.டி.பி. பழைய எண்ணுக்குப் போனால் பெயர் மாற்ற விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். புகைச் சான்று நடப்பில் இருக்கட்டும்.

பதிவு பெற்றவர் இறந்துவிட்டால், மகனோ மனைவியோ அவருக்காகப் படிவம் 29-இல் (விற்றதை ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கும் படிவம்) கையெழுத்துப் போட முடியாது. படிவம் 31 மூலம் வாரிசு பெயருக்கு மாற்றிய பிறகே விற்பனை. வாங்குபவர்கள் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

வாங்குபவர் பார்க்க வேண்டியவை

ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணை, வண்டியில் பொறித்திருக்கும் 17 எழுத்து-எண்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பொறித்த இடத்தில் தேய்த்த தடமோ புது பெயின்டோ இருந்தால் அந்த வண்டி வேண்டாம். அரசின் எம்பரிவாகன் செயலியில் எத்தனையாவது உரிமையாளர், எரிபொருள் என்ன, பதிவு எந்தத் தேதிவரை என்று பாருங்கள். பின்னால் பொருத்திய சி.என்.ஜி. கிட் ஆர்.சி.யில் ஏறாமல் இருந்தால் இன்ஸ்யூரன்ஸ் கேட்கும் நாளில் அதுவே சிக்கலாகும்.

காலையில், இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போங்கள். பானெட்டைத் தொட்டால் சூடாக இருக்கிறதா? யாரோ முன்கூட்டியே ஓட்டிவைத்திருக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜின் முதல் சாவியில் எப்படி எடுக்கிறது என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் கெட்டியான வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் கூலன்ட் உள்ளே கசிகிறதோ என்று சந்தேகப்படலாம். ஆயில் மூடியின் அடியில் மோர் போல வெளுத்த பசை இருந்தாலும் அதே சந்தேகம்தான். ஆனால் தினமும் குறைந்த தூரமே ஓடும் வண்டியில் வெறும் ஈரத்தாலும் அந்தப் பசை படியும். எனவே கூலன்ட் டப்பாவில் எண்ணெய் மிதக்கிறதா என்றும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

விபத்துத் தடயத்தைக் கதவு ரப்பரைச் சற்று விலக்கிப் பார்க்க வேண்டும். கம்பெனி ஸ்பாட் வெல்டிங், சீரான இடைவெளியில் வட்டக் குழிகளாகத் தெரியும். ஒரு பக்கம் மட்டும் அது மழுங்கியோ பட்டி பூசியோ இருந்தால் அந்தப் பக்கம் அடிபட்டிருக்கிறது. பானெட், ஃபெண்டர் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்டு பெயின்ட் உரிந்திருக்கிறதா, கண்ணாடிகளில் அச்சிட்ட ஆண்டுக் குறி எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று கவனியுங்கள்.

சென்னை வண்டிகளில் இன்னொரு சோதனை அவசியம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் ஏராளமான கார்கள் வெள்ளத்தில் நின்றன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். மேலே கழுவியிருப்பார்கள், சுருளுக்குள் இருந்த பகுதியில் சேற்றுக் கறை மிஞ்சியிருக்கும். சீட் தண்டவாளத் துரு, ஸ்டெப்னி குழியில் வண்டல், கார்ப்பெட் அடியில் ஈர வாடை ஆகியவையும் காட்டிக்கொடுக்கும். நீரில் நின்ற வண்டியில் இன்ஜினைவிட வயரிங்தான் பெரிய தொல்லை. கனெக்டர்கள் மாதக்கணக்கில் மெல்ல அரித்து, ஒவ்வொன்றாகக் கோளாறு காட்டும்.

சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால், பழுதை மறைக்க விளக்கைத் துண்டித்திருக்கலாம். டயரில் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. கிலோமீட்டரை மீட்டரில் மட்டும் பார்த்து நம்பாதீர்கள். கம்பெனி சர்வீஸ் பதிவுகளில் தேதிவாரியாக உள்ள கணக்கோடு ஒப்பிடுங்கள். 30,000 ஓடியதாகச் சொல்லும் காரில் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருக்கக் காரணமில்லை.

ஓட்டிப் பார்க்கும்போது விற்பவர் பக்கத்தில் உட்கார வேண்டும், ஓட்டுபவரின் லைசென்ஸை முதலில் பார்க்க வேண்டும். லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தது உரிமையாளரின் குற்றமாகும்.

வாங்கிய பின் பழுது வந்தால்?

வியாபாரமாகச் செய்யாத தனிநபரிடம் வாங்கிய காருக்கு நுகர்வோர் நீதிமன்றம் கைகொடுக்கும் என்று எண்ண வேண்டாம். வாரன்டியும் கிடையாது. ஆனால் வண்டி தனக்குச் சொந்தமானது, விற்கத் தனக்கு உரிமை உண்டு என்பதற்கு விற்பவரே பொறுப்பு. சரக்கு விற்பனைச் சட்டம், 1930 அப்படிச் சொல்கிறது. தெரிந்தே பொய் சொன்னாலும், பழுதை முனைந்து மறைத்தாலும் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன்படி அது மோசடி, ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கோரலாம். வெறுமனே சொல்லாமல் விட்டது, சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றால் அந்த வாதம் நிற்பது கடினம். ஆகவே வாங்குபவர் கேள்விகளை வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்பது நல்லது: விபத்து உண்டா, வெள்ளத்தில் நின்றதா, இன்ஜின் பிரித்ததா? விற்பவரும் உள்ளதை எழுத்திலேயே சொல்லிவிட்டால், பிறகு மறைத்ததாக யாரும் குற்றம் சொல்ல முடியாது.

கொடுக்கும் நாள்

ரூ.2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் தடை விதிக்கிறது. வங்கி வழியாகவே நடக்கட்டும். பணம் கணக்கில் ஏறியதை உங்கள் வங்கிச் செயலியில் பாருங்கள், அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம்.

டெலிவரி ரசீது இரண்டு பிரதி எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். வண்டி எண், சேஸிஸ் எண், இன்ஜின் எண், மீட்டர் அளவு, விலை, பணம் அனுப்பிய விவரம், தேதி எல்லாம் வேண்டும். மணியும் கட்டாயம் வேண்டும். மாலை 4 மணிக்குக் கைமாறிய வண்டி 6 மணிக்கு விபத்தில் சிக்கினால், யார் கையில் இருந்தது என்று காட்ட அந்த ஒரு வரிதான் சாட்சி.

படிவம் 29 (இரண்டு பிரதி), பெயர் மாற்ற விண்ணப்பமான படிவம் 30 ஆகியவற்றில் வாங்குபவரின் பெயரும் முகவரியும் தேதியும் நிரப்பிய பிறகே விற்பவர் கையெழுத்திட வேண்டும். புரோக்கர்கள் ‘ஓப்பன் டிரான்ஸ்பர்’ என்று வெற்றுப் படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். கொடுக்கவே கொடுக்காதீர்கள். அந்தத் தாளோடு வண்டி நாலு பேர் கைமாறும், பதிவில் மட்டும் உங்கள் பெயர் இருந்துகொண்டே இருக்கும். முடிந்தால் பெயர் மாற்ற விண்ணப்பத்தை வாகன் தளத்தில் அன்றே இருவரும் சேர்ந்து பதிவு செய்யுங்கள்.

இரண்டு சாவிகளையும் கொடுங்கள். காரின் புளூடூத்தில் ஏறிய தொடர்புகளையும் வரைபடத்தில் சேமித்த வீட்டு முகவரியையும் அழித்துவிடுங்கள், கம்பெனி செயலியிலிருந்து வண்டியை நீக்குங்கள். வங்கியில் சொல்லி ஃபாஸ்டேகை மூடிவிடுங்கள், இல்லையென்றால் அவர் போகும் டோல் எல்லாம் உங்கள் கணக்கில் கழியும்.

அதற்குப் பிறகு

ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்பவர் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வெளிமாநிலம் என்றால் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று பெற்று 45 நாளுக்குள். பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வாங்குபவருக்குக் கெடு 30 நாள். அவர் இழுத்தடித்தால் டெலிவரி ரசீதை இணைத்து ஆர்.டி.ஓ.வுக்கு எழுதி ஒப்புகை வாங்கி வையுங்கள். ஆனாலும் அது ஆதாரம் மட்டுமே. பதிவு மாறியதற்கு ஈடாகாது என்பதால் எம்பரிவாகனில் புதுப் பெயர் வரும்வரை வாரம் ஒருமுறை பாருங்கள்.

இன்ஸ்யூரன்ஸில்தான் வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். தேர்டு பார்ட்டி பாதுகாப்பு (விபத்தில் மற்றவருக்கு ஏற்படும் நஷ்டத்துக்கானது) வண்டியோடு தானாக வரும். சொந்தச் சேதத்துக்கான, அதாவது நம் காருக்கே ஆகும் சேதத்துக்கான பாதுகாப்பு அப்படி வராது, 14 நாளுக்குள் நிறுவனத்திடம் விண்ணப்பித்து மாற்ற வேண்டும். 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் கார்களுக்கு மூன்று ஆண்டு தேர்டு பார்ட்டி பாலிசி கட்டாயமானது. அதனால் ‘இன்ஸ்யூரன்ஸ் இருக்கிறது’ என்று விற்பவர் சொல்வது உண்மையாகவே இருக்கும், சொந்தச் சேதப் பகுதி மட்டும் எப்போதோ காலாவதியாகியிருக்கும். பாலிசித் தாளில் இரண்டு தேதிகளையும் தனித்தனியே பாருங்கள்.

நஷ்டஈடு கேட்காத ஆண்டுகளுக்காக பிரீமியத்தில் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் விற்பவருடையது. 20 முதல் 50 சதவீதம் வரை போகும் இந்தத் தள்ளுபடிக்கு நிறுவனத்திடம் கடிதம் வாங்கிக்கொண்டால், மூன்று ஆண்டுக்குள் வாங்கும் அடுத்த காருக்குப் பயன்படும். அந்தத் தள்ளுபடி நீங்குவதால் கூடும் பிரீமியத்தை மீதிக் காலத்துக்குக் கணக்கிட்டு வாங்குபவர் கட்ட வேண்டியிருக்கும். இந்தச் செலவை விலை பேசும்போதே இருவரும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.