தலைவரின் பதிவை நீக்கிவிட்டார்களா? தீர்ப்புச் சொல்வதற்கு முன் செய்ய வேண்டியவை

ஒரு தலைவரின் பதிவை நீக்கிவிட்டார்கள், கணக்கை முடக்கிவிட்டார்கள் என்று செய்தி வந்தால் முதல் அரைமணி நேரம் எதுவும் எழுதாதீர்கள். பகிரவும் வேண்டாம். அந்த அரைமணி நேரத்தில் உங்களுக்கு வேறு வேலை இருக்கிறது.

நான் நான்கு ஆண்டுகள் ஒரு சமூக ஊடகத்துக்காகத் தமிழ்ப் பதிவுகளைப் பார்த்து, எது இருக்கலாம், எது போக வேண்டும் என்று முடிவு செய்யும் மாடரேட்டர் வேலையில் இருந்தேன். ஒப்பந்த வேலை. ஒரு பதிவுக்கு அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம். தேர்தல் வந்தால், எங்காவது கலவரம் மூண்டால், வரிசை நீண்டுகொண்டே போகும். அங்கே எனக்குக் கிடைக்காத நேரம் உங்கள் கையில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தச் சொல்லித்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பதிவைக் கண்டுபிடியுங்கள்

செய்தித் தலைப்பை ஓரமாக வைத்துவிட்டு அந்தத் தலைவர் எழுதிய சொற்களைத் தேடி எடுங்கள். "வன்முறையைத் தூண்டினார்" என்பது தலைப்பு எழுதியவர் எடுத்த முடிவு. உங்களுக்கு வேண்டியது முழு வாக்கியம், தேதி, நேரம், அதற்கு முன்னும் பின்னும் அவர் போட்டவை. வீடியோ என்றால் வெட்டாத வடிவம். பதிவு நீக்கப்பட்டிருந்தால், இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் என்ற தளத்தில் அந்தப் பக்கத்தின் முகவரியைப் போட்டுப் பாருங்கள். பெரிய தலைவர்களின் பக்கங்கள் அங்கே சேமிக்கப்பட்டிருக்கலாம். யாரோ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். போலி ஸ்கிரீன்ஷாட் செய்ய இரண்டு நிமிடம் போதும்.

இப்படித் தேடி எடுத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு 2021 ஜனவரியைப் பாருங்கள். அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தை டிரம்பின் ஆதரவாளர்கள் தாக்கியது 6ஆம் தேதி. ட்விட்டர் (இன்றைய எக்ஸ்) அவரை நிரந்தரமாக நீக்கியது 8ஆம் தேதி. அதற்குக் காரணமாக அந்த நிறுவனம் காட்டிய பதிவுகள் இரண்டு. தனக்கு வாக்களித்த ஏழரைக் கோடி தேசபக்தர்களின் குரல் நெடுங்காலம் ஒலிக்கும், அவர்களை யாரும் அவமதிக்க முடியாது என்றது ஒன்று. பதவியேற்பு விழாவுக்குத் தான் போகப்போவதில்லை என்றது மற்றொன்று. தனியாகப் படித்தால் இரண்டிலும் வன்முறைச் சொல் ஒன்றுகூட இல்லை. "அவர் வரமாட்டார் என்றால் அந்த விழாவைத் தாக்கலாம் என்று ஆதரவாளர்கள் எடுத்துக்கொள்ளக்கூடும்" என்பதுதான் நிறுவனத்தின் வாதம். எனக்கு அந்த வாதம் முழுமையாக ஒப்பவில்லை. 6ஆம் தேதி, கலவரம் நடந்துகொண்டிருக்கும்போதே அவர் வெளியிட்ட வீடியோதான் என் கண்ணுக்குப் பெரியது. வீட்டுக்குப் போங்கள் என்றார். கூடவே, தேர்தல் திருடப்பட்டது என்றும், உங்களை நேசிக்கிறோம், நீங்கள் மிகவும் சிறப்பானவர்கள் என்றும் சொன்னார். கலவரக்காரர்கள் போலீஸாரோடு மோதிக்கொண்டிருந்தபோது சொன்னார்.

நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம். ஆனால் எந்தப் பதிவை வைத்துப் பேசுகிறோம் என்று தெரிந்த பிறகு வாருங்கள்.

பெயரை மறையுங்கள், பதவியை மறைக்காதீர்கள்

பதிவை ஒரு தாளில் எழுதி, பெயரிருக்கும் இடத்தை விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் முதலில் உங்களுக்குப் பிடித்த தலைவரை வையுங்கள். பிறகு உங்களால் சகிக்கவே முடியாத தலைவரை வையுங்கள். இரண்டு முறையும் ஒரே பதில் வந்தால் மேலே போகலாம். வராவிட்டால், நீங்கள் இதுவரை பதிவைப் பார்க்கவில்லை, ஆளைத்தான் பார்த்தீர்கள்.

ஆனால் பதவி அப்படியே இருக்க வேண்டும். இதில்தான் பலர் தவறுகிறார்கள். எல்லோருக்கும் ஒரே விதி என்றால் எல்லோருடைய வார்த்தைக்கும் ஒரே எடை என்று நினைத்துவிடுகிறார்கள். நைஜீரியாவில் 2021 ஜூனில் ஜனாதிபதி புஹாரி ஒரு பதிவு போட்டார். தென்கிழக்கில் அரசு அலுவலகங்கள் தாக்கப்பட்டுக்கொண்டிருந்த நேரம். உள்நாட்டுப் போரின் அழிவு தெரியாத வயதினர் இன்று கலகம் செய்கிறார்கள், 30 மாதம் களத்தில் நின்ற எங்களுக்கு அவர்களுக்குப் புரிகிற மொழியில் பதில் சொல்லத் தெரியும் என்பது அதன் சாரம்.

"புரியிற பாஷையில சொல்றேன்." நம்மிடமும் இருக்கிற பேச்சுதான் இது. டீ குடிக்கும்போது இரண்டு நண்பர்கள் சொல்லிக்கொண்டால் காற்றோடு போகும். 1967 முதல் 1970 வரை நடந்த அந்தப் போரில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். அதில் அதிகாரியாகச் சண்டையிட்டவர், அந்தப் பதிவு போட்டபோது ராணுவத்தின் தலைமைத் தளபதியாகவும் இருந்தவர், அந்தப் போரின் பெயரைச் சொல்லியே அதைச் சொல்கிறார். பிரிந்துபோகப் பார்த்துத் தோற்ற பகுதியின் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பதவியை எடுத்துவிட்டால் இந்தப் பதிவில் ஒன்றுமே இல்லை.

கேள்விகளைக் கேளுங்கள்

2012இல் மொராக்கோவின் ரபாத் நகரில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் கூட்டிய வல்லுநர்கள், வெறுப்பைத் தூண்டும் பேச்சை அளக்க ஆறு அளவுகோல்களை வகுத்தார்கள்: சூழல் என்ன, பேசுபவர் யார், அவர் நோக்கம் என்ன, என்ன சொன்னார், எந்த வடிவில் சொன்னார், எத்தனை பேரை எட்டியது, தீங்கு நேர எவ்வளவு வாய்ப்பு, எவ்வளவு சீக்கிரம். நான்காவதிலும் (என்ன சொன்னார், எந்த வடிவில்) ஆறாவதிலும் (எவ்வளவு வாய்ப்பு, எவ்வளவு சீக்கிரம்) இரண்டிரண்டு கேள்விகள் சேர்ந்திருக்கின்றன. நான் வேலையில் சேர்ந்தபோது இதை யாரும் சொல்லித்தரவில்லை. பின்னாளில் படித்தபோது, திரை முன்னால் உட்கார்ந்து தட்டுத் தடுமாறித் தேடியதெல்லாம் இதுதான் என்று தோன்றியது.

சூழலும் ஆளும் மேலே வந்துவிட்டன. எத்தனை பேரை எட்டியது என்பது எண்ணைப் பார்த்தாலே தெரியும். நோக்கம் யாருக்கும் முழுசாகத் தெரியாது. அவர் பிறகு என்ன செய்தார் என்று பாருங்கள். "தவறாகப் புரிந்துகொண்டீர்கள்" என்று விளக்கம் கொடுத்தவர் வேறு, அதையே மறுநாள் மேடையில் இன்னும் சத்தமாகச் சொன்னவர் வேறு.

உள்ளடக்கத்தில்தான் மொழி தெரிந்தவர் தேவை. "கையைக் காலை உடைச்சிருவேன்" என்பதை அம்மா தினமும் பிள்ளையிடம் சொல்கிறாள். "பாடம் புகட்டுவோம்" என்றால் தேர்தல் நேரத்தில் பெரும்பாலும் ஓட்டுதான். உடை, வெட்டு, கொல்லு என்று தேடும் இயந்திரம் இவற்றைப் பிடித்துக்கொண்டு வரும். அதே இயந்திரம் "களையெடுக்க வேண்டும்" என்பதை விட்டுவிடும். கட்சிக்குள் இருக்கும் ஊழல்காரர்களைச் சொன்னால் அது வெறும் உருவகம். ஒரு சமூகத்தின் பெயரைச் சொல்லி, அடுத்த வரியில் ஓர் ஊர்ப் பெயரையும் சொன்னால் என் கை உடனே நின்றுவிடும்.

அனுபவத்தில் நான் வைத்துக்கொண்ட அளவுகோல் இது: ஆள், இடம், நேரம், ஆயுதம். இந்த நான்கில் எத்தனை பதிவுக்குள் வருகின்றன என்று எண்ணுங்கள். வீராப்புப் பேச்சில் இவை இருக்காது. ஒவ்வொன்றாக உள்ளே வர வர அது கட்டளையாக மாறுகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1969இல் பிராண்டன்பர்க் வழக்கில் கேட்டதும் கிட்டத்தட்ட இதுதான்: உடனடியாகச் சட்டவிரோதச் செயலைத் தூண்டும் நோக்கமும், அது நடக்கும் வாய்ப்பும் இருக்கிறதா? ஒன்றை நினைவில் வையுங்கள். அந்த அளவுகோல் அரசைக் கட்டுப்படுத்துவது. தனியார் நிறுவனம் தன் விதியை அதைவிடக் கடுமையாக வைத்துக்கொள்ளலாம்.

தலைவர் கோபமாகப் பேசினார், பொய் சொன்னார், எதிர்க்கட்சியைக் கேவலமாகத் திட்டினார் என்பதற்காக மட்டும் நீக்கச் சொல்லாதீர்கள். நம்மை ஆள வருகிறவர் எப்படிப் பேசுகிறார் என்று தெரிந்துகொள்ளும் உரிமை நம்முடையது. நீக்கினால் அவருக்கு மட்டும் நட்டமில்லை, நமக்கும்தான்.

பதிவு வேறு, கணக்கு வேறு

பதிவு போக வேண்டும் என்ற முடிவுக்கு வந்தீர்களா? கணக்கும் போக வேண்டுமா என்பது தனிக் கேள்வி. எவ்வளவு காலத்துக்கு என்பது அதற்கும் அடுத்த கேள்வி. இடையில் வேறு வழிகளும் உண்டு. 2020 மே மாதம், ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் பிடியில் இறந்ததை எதிர்த்து நடந்த போராட்டங்களின்போது, கொள்ளை தொடங்கினால் சுடுதலும் தொடங்கும் என்று டிரம்ப் எழுதியதை ட்விட்டர் எச்சரிக்கைத் திரைக்குப் பின்னால் வைத்தது. வேண்டுமென்றால் சொடுக்கிப் படிக்கலாம். ஃபேஸ்புக் அதைத் தொடவே இல்லை.

2021 ஜனவரியில் ஃபேஸ்புக் டிரம்பை காலவரையின்றி முடக்கியது. அதன் முடிவுகளை மறு ஆய்வு செய்யத் தனியாக அமைக்கப்பட்ட மேற்பார்வை வாரியம் மே 5ஆம் தேதி சொன்ன தீர்ப்பை நான் பலமுறை படித்திருக்கிறேன். முடக்கியது சரி என்றது. ஆனால் உங்கள் விதிப்புத்தகத்தில் இல்லாத தண்டனையைக் கொடுத்திருக்கிறீர்கள், ஆறு மாதத்துக்குள் தெளிவான முடிவெடுங்கள் என்றது. ஃபேஸ்புக் ஜூனில் இரண்டு ஆண்டு என்று காலம் குறித்தது. 2023இல் கணக்கு திரும்பியது. ட்விட்டரிலோ நிரந்தரம் என்றார்கள், உரிமையாளர் மாறினார், 2022 நவம்பரில் ஒரு வாக்கெடுப்பு நடத்தி 51.8 சதவீதம் பேர் கேட்டார்கள் என்று திரும்பக் கொடுத்தார்கள். நீக்கியதைப் பாராட்டியவரும் திட்டியவரும் இந்த இரண்டாவது முடிவையும் அதே கேள்விகளால் சோதிக்க வேண்டும். வாக்கெடுப்பு எந்த விதியில் இருந்தது?

விதி இருந்தாலும் நடக்காமல் போகலாம். அப்போதைய கம்போடியப் பிரதமர் ஹுன் சென் 2023 ஜனவரியில் நேரலையில் எதிர்ப்பாளர்களைப் பார்த்து, நீதிமன்றமா தடியா, எது வேண்டும் என்ற விதத்தில் பேசினார். ஆட்களைத் திரட்டி அடிப்போம் என்றும் சொன்னார். ஆள், ஆயுதம் இரண்டும் வந்துவிட்டன. பல ஆண்டுகளாக அதிகாரத்தில் இருந்தவர். எதிரே நசுக்கப்பட்ட எதிர்க்கட்சி. சில மாதங்களில் தேர்தல். செய்தி மதிப்பு இருக்கிறது என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா அதை விட்டுவைத்தது. வீடியோவை எடுங்கள், கணக்கை ஆறு மாதம் முடக்குங்கள் என்று வாரியம் ஜூனில் சொன்னது. வீடியோ போனது. கணக்கை முடக்க மெட்டா மறுத்துவிட்டது. இது பெரிய அநியாயம் என்று இன்றும் நினைக்கிறேன்.

யார் நீக்கியது?

பதிவு இருந்த இடத்தில் வரும் அறிவிப்பைக் கவனமாகப் படியுங்கள். "விதிகளை மீறியது" என்றால் நிறுவனத்தின் முடிவு. "சட்டப்படியான கோரிக்கையின் பேரில் இந்த நாட்டில் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது" என்றால் பின்னால் அரசோ நீதிமன்றமோ இருக்கலாம்; வேறு நாட்டில் அது தெரியக்கூடும். முதலாவதில் கேள்வி நிறுவனத்திடம். இரண்டாவதில் கேள்வி அரசிடமும் நீதிமன்றத்திலும். இரண்டையும் குழப்பினால் ஒருவர் தப்பித்துக்கொள்வார்.

புஹாரியின் பதிவை ட்விட்டர் நீக்கிய இரண்டு நாளில் நைஜீரிய அரசு ட்விட்டரையே நாட்டில் முடக்கியது. தலைவர் இழந்தது ஒரு பதிவு. மக்கள் ஏழு மாதம் அந்தத் தளத்தையே இழந்தார்கள். அது சட்டவிரோதம் என்று மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் ஈகோவாஸ் நீதிமன்றம் 2022 ஜூலையில் சொன்னது; அதற்கு ஆறு மாதம் முன்பே தடை விலகியிருந்தது.

ரிப்போர்ட் செய்யும்போது, மேல்முறையீடு செய்யும்போது

2018 மார்ச்சில் கண்டிப் பகுதியில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம் நடந்தபோது சிங்களத்தில் வந்த கொடூரமான பதிவுகள் ரிப்போர்ட் செய்யப்பட்டும் நின்றன. தன் தளம் அதற்குப் பயன்பட்டதற்காக ஃபேஸ்புக் 2020இல் வருத்தம் தெரிவித்தது. உங்கள் ரிப்போர்ட்டைப் படிப்பவருக்கு மொழி தெரியும், ஊர் நிலவரம் தெரியும் என்று எண்ணாதீர்கள். சரியான பிரிவைத் தேர்ந்தெடுங்கள். வன்முறை மிரட்டலை "பிடிக்கவில்லை" என்ற பிரிவில் போட்டால் அது வேறு வரிசைக்குப் போய்விடும். எழுத இடம் கொடுத்தால் அந்தச் சொல்லுக்கு உள்ளூரில் என்ன பொருள், எந்த இடத்தில் என்ன பதற்றம் என்று இரண்டு வரி எழுதுங்கள். நூறு பேரைத் திரட்டி ரிப்போர்ட் அடிக்க வைப்பதைவிட அந்த இரண்டு வரி உதவும்.

தலைவரின் மிரட்டலைக் கண்டிப்பதற்காக எடுத்துப் போடுகிறீர்களா? கண்டனத்தை முதல் வரியில் எழுதுங்கள், மேற்கோளை அதற்குக் கீழே வையுங்கள். இதை நான் சொல்லக் காரணம் உண்டு. ஒரு பெண், ஒரு வேட்பாளரின் மிரட்டல் பேச்சை வரி விடாமல் தட்டச்சு செய்து, கடைசியில் "இவருக்கா நம் ஓட்டு?" என்று கேட்டிருந்தார். திரையில் முதல் சில வரிகள்தான் விரிந்திருந்தன. நான் முழுதும் திறக்கவில்லை. நீக்கினேன். அவர் கணக்கு மூன்று நாள் முடங்கியது. அந்த வேட்பாளரின் வீடியோ அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. மறு ஆய்வில் பதிவு திரும்பியபோது வாக்குப்பதிவு முடிந்திருந்தது.

உங்களுக்கு அப்படி நேர்ந்தால் அன்றே மேல்முறையீடு செய்யுங்கள். நீக்க அறிவிப்பைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, கோபத்தைக் கொட்டாமல் இவ்வளவு மட்டும் எழுதுங்கள்: "இது இன்னார், இந்தத் தேதியில் பேசியது. நான் அதைக் கண்டிக்கிறேன். என் கண்டனம் கடைசி வரியில் இருக்கிறது. முழுப் பதிவையும் திறந்து படிக்கவும்."