ஃபைட்டர் மீனின் வால் கிழிந்தால்: மருந்துக்கு முன்னால் தண்ணீர்

காலையில் தொட்டி லைட்டைப் போடுகிறீர்கள். நேற்று இரவு வரை விசிறி மாதிரி விரிந்திருந்த வால், நடுவில் பிளந்து இரண்டாகத் தொங்குகிறது. பதற்றத்தில் கை நேராக நீல மருந்து பாட்டிலுக்குத்தான் போகும். என் முதல் ஃபைட்டருக்கு நான் அப்படித்தான் மெத்திலீன் புளூவைத் தொட்டியிலேயே ஊற்றினேன். ஃபில்டரில் இருந்த நல்ல பாக்டீரியா அடிவாங்கி அமோனியா ஏறியது. வெறும் கிழிசலாக இருந்த இடம் மூன்றாம் நாள் கருகத் தொடங்கியது. அந்தத் தொட்டி மூலையில் உள்ள சிலிக்கான் பசை இன்றும் நீலமாகத்தான் இருக்கிறது.

அதனால் இந்தச் செய்முறையில் மருந்து கடைசியில்தான் வரும்.

படி 1: கிழிசலா, அழுகலா, கடியா?

மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, துடுப்பின் ஓரத்தை மட்டும் ஒரு நிமிடம் நன்றாகப் பாருங்கள்.

ஓரம் சுத்தமாக, துணி கிழிந்த மாதிரி நேர்க்கோட்டில் பிளந்திருக்கிறது, நிறம் மாறவில்லை என்றால் அது கிழிசல். எதிலோ உரசியிருக்கிறது.

ஓரம் கறுப்பாகவோ பழுப்பாகவோ சிவப்பாகவோ மாறி, நாளுக்கு நாள் உள்பக்கமாகக் கரைந்துகொண்டே போனால் அது துடுப்பு அழுகல். பாக்டீரியாவின் வேலை.

ஒரே இரவில், பிஸ்கட்டைக் கடித்த மாதிரி அரைவட்டமாக ஒரு துண்டு காணாமல் போயிருந்தால், பெரும்பாலும் மீனே தன் வாலைக் கடித்திருக்கும். ஹாஃப்மூன் வகையில் இது அதிகம். 180 டிகிரி விரியும் அந்தக் கனத்த வாலை இழுத்துக்கொண்டு நாள் முழுக்க நீந்துவது சாதாரண வேலை இல்லை. ஃபில்டர் நீரோட்டம் பலமாக இருந்தாலும், கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்து ஓயாமல் சீறிக்கொண்டிருந்தாலும் கடிக்கும்.

இன்னொன்று. கிரவுன்டெயில் வாங்கியவர்கள் "வால் முழுக்கக் கிழிந்திருக்கிறது" என்று பயப்படுவார்கள். அந்த வகைக்கு வாலே அப்படித்தான், கிரீடம் மாதிரி முள்முள்ளாக இருக்கும். வாங்கிய அன்று எடுத்த போட்டோவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பயப்படுங்கள்.

படி 2: காரணத்தை எடுத்து வெளியே போடுங்கள்

ஒரு பழைய ஷிஃபான் துப்பட்டாத் துண்டைத் தொட்டியில் உள்ள ஒவ்வொரு பொருள் மேலும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கேதான் வாலும் மாட்டியிருக்கும். என் தொட்டியில் குற்றவாளி ஒரு பச்சை பிளாஸ்டிக் செடி. கைக்கு மழமழவென்று இருந்தது, துணி மட்டும் அதன் அச்சு விளிம்பில் சிக்கிக்கொண்டது. பிளாஸ்டிக்குக்குப் பதிலாக ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் மாதிரி நிஜச் செடி வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

ஃபில்டர் வாயில் ஒரு ஸ்பாஞ்சைச் செருகினால் வேகம் குறையும். தொட்டியில் வேறு மீன் இருந்தால் பிரித்துவிடுங்கள். "சுறுசுறுப்பாக இருக்கட்டும்" என்று முகம் பார்க்கும் கண்ணாடி காட்டுவதையும் நிறுத்துங்கள்.

படி 3: தண்ணீர்

முக்கால்வாசி வைத்தியம் இதுதான், நிதானமாகப் படியுங்கள்.

மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அமோனியாவாக மாறும். நன்கு பழகிய ஃபில்டரில் உள்ள பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாக ஆபத்தில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும். டெஸ்ட் கிட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் 0 காட்ட வேண்டும். ஃபில்டர் இல்லாத சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் இது நடக்காது. கிண்ணத்து ஃபைட்டருக்கு அடிக்கடி வால் அழுகுவது அதனால்தான். குறைந்தது 15-20 லிட்டர் இடம் கொடுங்கள்.

வெறும் கிழிசல் என்றால் மீனை அதே தொட்டியில் விட்டுவிடலாம். இரண்டு நாளைக்கு ஒரு முறை கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள், அடியில் கிடக்கும் அழுக்கையும் ட்யூப் வைத்து உறிஞ்சி எடுங்கள். புதுத் தண்ணீரும் தொட்டித் தண்ணீரும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். கையை விட்டுப் பார்த்துச் சொல்வதை நம்பாதீர்கள், ஒரு தெர்மாமீட்டர் வாங்கிவிடுங்கள். 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் சரியான சூடு. சென்னையில் வருடத்தில் பெரும்பாலான நாள் அது தானாகவே கிடைக்கும். ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு ஹீட்டர் இல்லாமல் முடியாது.

குழாயில் வருவது குளோரின் கலந்த தண்ணீர் என்றால் ஆன்டி-குளோரின் சொட்டு மருந்தை பாட்டிலில் போட்டிருக்கும் அளவில் விடுங்கள். வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும், குளோரமின் (குளோரினும் அமோனியாவும் சேர்ந்தது) போகாது. வாட்டர் கேன் தண்ணீரை மட்டும் ஊற்றுவதும் வேண்டாம். அதில் மீனுக்குத் தேவையான தாது உப்புகள் மிகக் குறைவு.

படி 4: பாதாம் இலை, தேவைப்பட்டால் உப்பு

தெருவோரத்தில் தட்டுத் தட்டாகக் கிளை விட்டு நிற்கும் நாட்டு வாதுமை மரம் தெரியும்தானே? பேச்சில் பாதாம் மரம். தானாக உதிர்ந்து பழுப்பாகக் காய்ந்த இலையை எடுங்கள், பச்சை இலை வேண்டாம். கழுவி, கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்து, 20 லிட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் தொட்டியில் போடுங்கள். தண்ணீர் வெளிர் டீ நிறத்துக்கு வரும். இலையில் உள்ள டானின் கிருமிகளைக் கொஞ்சம் அடக்கும், மீனும் அமைதியாகும். இதை மந்திரம் மாதிரி எழுதுகிறவர்கள் உண்டு, நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். கெட்ட தண்ணீரை இலை நல்ல தண்ணீராக்காது.

ஓரம் கருக ஆரம்பித்திருந்தால் மட்டும் உப்பு. அதையும் தனி டப்பாவில் செய்யுங்கள். செடியும் நத்தையும் உப்பைத் தாங்காது. மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் 5 லிட்டர் தண்ணீர், அதற்கு ஒரு டீஸ்பூன், தலைதட்டி. வேறு எதுவும் சேர்க்காத கல் உப்பு அல்லது மீன் கடையில் விற்கும் அக்வேரியம் உப்பு. தனியாக ஒரு டம்ளரில் முழுசாகக் கரைத்த பிறகே ஊற்ற வேண்டும். உப்புக் கல் மீன்மேல் பட்டால் புண்ணாகும். டப்பாவில் ஃபில்டர் இல்லை என்பதால் தினமும் முக்கால்வாசித் தண்ணீரை மாற்றி, எடுத்த தண்ணீரின் அளவுக்கு மட்டும் உப்பு சேருங்கள். உப்பு ஆவியாகாது, கணக்குத் தவறினால் ஏறிக்கொண்டே போகும். பத்து நாளைத் தாண்ட வேண்டாம்.

டப்பாவை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். ஃபைட்டர் மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும் மீன், அதற்கு இடம் வேண்டும். மூடியில் நாலைந்து ஓட்டை போடுங்கள். மூடாமல் விட்டால் குதித்துவிடும்.

தீனி வழக்கம்போல, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. டியூபிஃபெக்ஸ் புழுவைக் குணமாகும் வரை தள்ளி வையுங்கள்.

படி 5: தினமும் ஒரு போட்டோ

ஒரே இடம், ஒரே வெளிச்சம். ஒரு வாரத்தில் ஓரத்தில் கண்ணாடித்தாள் மாதிரி நிறமில்லாத ஒரு விளிம்பு தெரியும். பூஞ்சை வந்துவிட்டது என்று பலர் திரும்ப மருந்துக்கு ஓடுவது இந்த இடத்தில்தான். அது புதிதாக வளரும் துடுப்பு! பூஞ்சை என்றால் பஞ்சு மாதிரி உப்பலாக இருக்கும், இது தட்டையாக, ஒளி ஊடுருவுகிற மாதிரி இருக்கும். சின்னக் கிழிசல் இரண்டு மூன்று வாரத்தில் கூடிவிடும். பாதி வால் போயிருந்தால் ஓரிரு மாதம் ஆகும்.

எப்போது மருந்து?

சுத்தமான தண்ணீரில் ஐந்தாறு நாள் ஆகியும் அழுகல் உள்ளே போய்க்கொண்டிருந்தால், உடம்பை நெருங்கினால், இரண்டு மூன்று நாளாகச் சாப்பிடாமல் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு கிடந்தால், மீன் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். செதில்கள் சிலிர்த்து நின்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். வீட்டில் மிச்சமிருக்கும் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் கேப்ஸ்யூலைப் பிரித்துப் போடச் சொல்லி யாராவது யோசனை தருவார்கள். போர்வெல் தண்ணீர் மாதிரி கடினமான நீரில் அந்த மருந்து கால்சியத்தோடு ஒட்டிக்கொண்டு வீரியம் இழக்கும். அளவு தெரியாமல் போட்டால் கிருமிக்கு அந்த மருந்து பழகிப்போவதுதான் மிச்சம்.

குணமானதும் டப்பாவில் இரண்டு மூன்று முறை உப்பு சேர்க்காமல் தண்ணீரை மாற்றுங்கள். அப்புறம் அரை மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைக் கலந்து, மீனைத் தொட்டியில் விடுங்கள். புதிதாக வளர்ந்த இடம் கொஞ்சம் வெளிறியோ சுருங்கியோ இருக்கலாம். என் மீனின் நீல வாலில் அந்தக் கீற்று மட்டும் கடைசி வரை சாம்பல் நிறமாகவே இருந்தது.