ஓடுகிற பெண்கள் பசியாறுவது எப்படி?

ஓடிய கிலோமீட்டரைக் குறிக்கிற அதே நோட்டில் மாதவிலக்குத் தேதியையும் குறித்து வையுங்கள். 23 வயதில், மலேசியாவின் பினாங்குப் பாலத்தில் நடக்கும் மாரத்தானுக்காகப் பழகியபோது, எனக்கு ஐந்து மாதம் நின்றுபோனது. "உடம்பு பக்குவப்பட்டுவிட்டது" என்றார் பயிற்சியாளர். நானும் பெருமைப்பட்டுக்கொண்டேன். அசட்டுத்தனம்!

கொழுப்புத் திசு லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது, 1994-இல் கண்டறிந்தார்கள். கையிருப்பு எவ்வளவு என்று மூளையிலுள்ள ஹைப்போதலாமஸிடம் சொல்லும் கணக்கப்பிள்ளை அது. ஓட்டத்துக்கு ஏற்பச் சாப்பிடாவிட்டால் லெப்டின் குறைந்து பசி தூண்டப்படுகிறது. கூடவே கிஸ்பெப்டின் நரம்பணுக்கள் அடங்குகின்றன. (கிஸ்பெப்டினின் மரபணுவை அமெரிக்காவின் ஹெர்ஷி ஊரில் கண்டுபிடித்ததால் அவ்வூர் 'கிஸ்' சாக்லேட்டின் பெயரைச் சூட்டினார்கள். பட்டினிப் பாடத்துக்கு இப்படியொரு பெயர்!) அவை தட்டி எழுப்பாவிட்டால், கருமுட்டையை முதிரச் செய்யும் ஹார்மோன்கள் வரிசையாகத் தூங்கிவிடும். ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பும் தேயும். ஒல்லியானவர்களுக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். எடை குறையாமலேயே இது நிகழலாம்.

இனி கணக்கு. 52 கிலோ எடையில் கொழுப்பு 12 என்றால் மீதி 40. ஓட்டத்துக்குச் செலவானது போக, ஒரு நாளைக்கு உண்பது இந்த மீதியில் கிலோவுக்கு 30 கலோரிக்குக் கீழே போனபோது, ஐந்தே நாளில் சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனின் துடிப்பு தடுமாறியதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். 45 இருந்தால் நிம்மதி, ஆக 1,800. பத்து கிலோமீட்டர் ஓட்டம் ஏறக்குறைய 520 தின்னும். மொத்தம் 2,300. தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) ஒரு குவளையும் இரண்டு பிஸ்கட்டும் எந்த மூலைக்கு?

பினாங்கின் தண்ணீர்மலைப் பக்கம் விடியற்காலையில் ஓடுகிறவர்கள் கிளம்பும் முன் ஒரு வாழைப்பழமாவது சாப்பிடுங்கள். திரும்பியதும், குளிப்பதற்கு முன்பே, மைலோ சத்துபானம். அப்புறம் பருப்பு தாராளமாக விழுந்த சாம்பாரோடு தோசை, முட்டை. சோற்றைக் குறைக்காதீர்கள். தைப்பூசத்துக்கு ஒருவேளை உண்டு விரதமிருப்பவர்கள் அந்நாட்களில் நீண்ட ஓட்டத்தை விட்டுவிடலாம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மூன்று மாதம் விலக்கு வராவிட்டால் மருத்துவரிடம் போங்கள். கர்ப்பமா, தைராய்டா, புரோலாக்டினா (பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்) என்று முதலில் பார்ப்பார்கள். கருத்தடை மாத்திரையால் வருகிற இரத்தப்போக்கைக் கண்டு ஏமாறாதீர்கள். அது மாத்திரையின் வேலை, மூளை விழித்துக்கொண்டதற்கு அடையாளம் அல்ல.

எனக்கு விலக்கு ஒழுங்காகத் திரும்ப மேலும் நான்கு மாதமானது. ஓட்டத்தைப் பாதியாக்கினேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. இரவுச் சோற்றில் இன்னொரு கரண்டி நெய்யை ஊற்றினார்.