ட்யூபைப் பிதுக்கி, காயவைத்து எடுத்துச் செல்லுங்கள்

ஐரோப்பியப் பயணத்தில் நீர்வண்ணம் தீட்ட விரும்புகிறவர்கள், ட்யூப் வண்ணங்களை ஊரிலேயே வண்ணப் பெட்டியில் பொருந்தும் காலி 'ஹாஃப் பான்' என்னும் சிறு சிமிழ்களில் பிதுக்கிக் காயவைத்துக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் நிரப்பினால் காயும்போது வண்ணத்தில் வெடிப்பு விழும்; பாதி நிரப்பி, காய்ந்தபின் மீதியை ஊற்றுவது நல்லது.

நீர்வண்ணத்தில் நிறமியைப் பிணைப்பது கருவேல இனத்து மரப் பிசின். எத்தனை முறை காய்ந்தாலும் ஈரத் தூரிகை பட்டதும் அது கரைந்துவிடும். காய்ந்த வண்ணம் திரவக் கணக்கிலும் வராது. ஆகவே, கைப்பையில் 100 மில்லி வரம்பு உள்ள விமான நிலையங்களில் கவலை இல்லை. ஒரு 15 மில்லி ட்யூப் பல சிமிழ்களை நிரப்பும் என்பதால், கடையில் விற்கும் வண்ணக் கட்டிகளைவிடச் செலவும் குறைவு. தண்ணீர் சுமக்க வேண்டாம்; ரோம் நகரில் தெருவுக்குத் தெரு குடிநீர்க் குழாய் ஓடுகிறது. கழுவிய நீரை மட்டும் அங்கே கொட்டாதீர்கள், சில நிறமிகளில் காட்மியம் உண்டு.

அக்ரிலிக்குக்கு இந்த வழி உதவாது. காய்ந்தால் மறுபடி கரையாது. தேன் கலந்த வண்ணங்கள் நம் ஊர்ப் புழுக்கத்தில் முழுதாக இறுகாமல் பெட்டிக்குள் வழியக்கூடும். பெரிய தாளில் வானம் முழுவதையும் அடர்த்தியாகத் தீட்டுகிறவர்களுக்கு ட்யூப்தான் வசதி.